ஒரு மணிச்சரம், மூன்று நூல்கள்: பழைய எகிப்தியக் கழுத்தணி ஒன்றைக் கையாண்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் தொகுப்பில் பல ஆண்டுகளாக இருந்துவந்த எகிப்தியக் கழுத்தணி பற்றிய குறிப்பு இது. ஒரே சரம், இருநூற்றுக்குச் சற்று மேற்பட்ட மணிகள், ஒரு முனையில் நூலால் கட்டிய சின்னக் காகிதச் சீட்டு. பதிவேட்டில் இருந்த வரி மிகச் சுருக்கமானது: மணிமாலை, எகிப்து, நன்கொடை. கூடவே நன்கொடை தந்த குடும்பத்தின் பெயரும் 1960களில் ஓர் ஆண்டும் இருந்தன. வேறு தகவல் எதுவும் இல்லை.

பழங்கால அணிகளுக்கென்று ஒரு புதிய காட்சிப்பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. அதில் வைப்பதற்காக வெளியே எடுத்தபோதுதான் சரத்தின் நிலை தெரிந்தது. நூல் பல இடங்களில் பிசிறு விட்டிருந்தது. ஓரிடத்தில் ஒன்றிரண்டு இழைகளே மிச்சம். தொகுப்பின் பொறுப்பாளரும் பயிற்சி மாணவியும் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். நூலை வெட்டி, மணிகளை வெதுவெதுப்பான நீரில் கழுவி, பெரியவை நடுவிலும் சிறியவை ஓரத்திலும் வருமாறு புது நூலில் கோப்பது. அன்றாடம் அணியும் நகைக்கு இதுதான் சரியான வழி. அவர்கள் அக்கறையோடு யோசித்திருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்: வெட்டுவதற்கு முன் படம் எடுத்து எனக்கு அனுப்பியதும் அவர்களே.

மணிகளைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். படத்தில் அந்தச் சீட்டைப் பார்த்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொன்னேன்.

நிறுத்தியதற்குக் காரணம்

மணிமாலை என்பது மணிகளின் கூட்டம் மட்டும் இல்லை. எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி, எந்த நூலில், எந்த முடிச்சில் என்பதெல்லாம் சேர்ந்துதான் அது ஓர் அணி. நூல் மட்கிப்போகும் பொருள். மண்ணில் புதைந்த சரத்தில் பெரும்பாலும் மணிகள்தான் மிஞ்சும், வரிசை கலைந்திருக்கும். அகழ்பவர் மண்ணோடு கிடக்கும் நிலையிலேயே குறித்துக்கொண்டால்தான் வரிசை பிழைக்கும்.

1901இல் எகிப்தின் அபிடோஸில், முதல் வம்ச அரசன் ஜெர் என்பவரின் கல்லறைச் சுவரின் துளையொன்றில் துணி சுற்றிய ஒரு கை கிடைத்தது. உள்ளே நான்கு கைவளைகள்: தங்கம், டர்காய்ஸ், செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட் எனும் ஊதாக் கல்), லாபிஸ் லாசுலி எனும் நீலக் கல். அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரியின் குழு துணியை வெட்டும்போதே மணிகளின் வரிசையைப் பதிவு செய்தது. அதனால் அந்த நான்கு வளைகளையும் சரியான வரிசையில் இன்றும் பார்க்க முடிகிறது. ஆனால் கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போன பிறகு அந்தக் கையும் துணியும் தூக்கியெறியப்பட்டன. அணி மட்டும் நின்றது, அதைச் சுமந்த உடம்பு போய்விட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

மெசபொத்தேமியாவில் (இன்றைய இராக்) ‘ஊர்’ என்ற பெயருடைய பழைய நகரத்தில் அகழாய்வாளர் லியோனார்ட் வூலி 1920களின் இறுதியில் கண்டெடுத்த அரசி புவாபியின் அணிகள் இன்னொரு வகை எடுத்துக்காட்டு. நுண்ணிய லாபிஸ் மணிகளும் தங்க விலங்குருவங்களும் ஒரே தலைப்பட்டையாகச் சேர்த்துக் கோக்கப்பட்டன. பார்க்க அழகாக இருந்தது, புகழும் பெற்றது. பின்னாளில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் மறுபடி ஆராய்ந்தவர்கள், அது ஒரே அணி அல்ல, பல தனி அணிகளின் பாகங்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். மீண்டும் கோப்பவரின் கண்ணுக்குச் சரியென்று படும் வரிசை, பழைய காலத்தின் வரிசையாகவே மக்கள் மனத்தில் தங்கிவிடுகிறது.

எங்கள் முன் இருந்த சரம் இவ்வளவு பெரிய பொருள் இல்லைதான். ஆனால் அதே கேள்வி இங்கேயும் இருந்தது: இந்த வரிசை யாருடையது?

முதலில் பார்த்தவை: நூலும் சீட்டும்

வழக்கமாக எல்லோரும் மணியிலிருந்து தொடங்குவார்கள். நாங்கள் நூலிலிருந்து தொடங்கினோம். சரத்தை ஒரு தட்டில் கிடையாக வைத்து, எதையும் தூக்காமல், இருபுறமும் அளவுகோலோடு படமெடுத்தோம். பிறகு ஒவ்வொரு மணிக்கும் எண் கொடுத்து ஒரு நீளப்படம் வரைந்தோம். மாணவி வரைந்த அந்தப் படம்தான் பின்னால் எல்லா முடிவுக்கும் அடிப்படையானது.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடித்தபோது சரம் இரண்டாகப் பிரிந்தது. ஏறக்குறைய முக்கால் பங்கு நூல் மங்கலாகவே இருந்தது. மீதிக் கால் பங்கு பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்வது வெண்மையூட்டும் ரசாயனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே அது நூல்களிலும் சலவைத் தூள்களிலும் பரவலானது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒளிர்ந்த நூல் கண்ணாடிக் குச்சி போல வழவழப்பான இழைகளால் ஆனது. அது நைலான். நைலான் இழை சந்தைக்கு வந்ததே 1938இல்தான். மங்கலான பகுதியின் இழைகள் தட்டையாகவும் நாடா போல முறுக்கிக்கொண்டும் இருந்தன, அது பருத்தி. பழைய எகிப்தில் மணி கோக்கப் பயன்பட்டது ஆளி நார். பருத்தி அங்கே மிகப் பிற்காலத்தில்தான் வந்தது. ஆகவே பருத்தி நூலும் பழங்காலத்துடையது அல்ல.

சீட்டு அதே பருத்தி நூலில் கட்டப்பட்டிருந்தது. சாதாரண வெளிச்சத்தில் அதில் வெளிறிய பழுப்புக் கறைதான் தெரிந்தது. இரும்பு கலந்த பழைய மை புற ஊதாவை உறிஞ்சும். அதனால் மங்கிய எழுத்தும் அந்த வெளிச்சத்தில் கருமையாக எழும். ஓர் எழுத்தும் அதற்குப் பின் ஓர் எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அகழாய்வாளர்கள் கல்லறைகளுக்கு எண் கொடுக்கும் முறை அது.

இங்கே கொஞ்சம் பின்னணி தேவை. 1882இல் லண்டனில் எகிப்து ஆய்வு நிதியம் தொடங்கியதிலிருந்து, எகிப்தில் அகழ்ந்தவர்கள் கண்டெடுத்ததை அந்நாட்டு அரசுடன் பங்கிட்டுக்கொண்டார்கள். வெளியே வந்த பங்கு பணம் கொடுத்து ஆதரித்த அருங்காட்சியகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போனது. சில சிறு பொருள்கள் தனியாரிடமும் சேர்ந்தன. ஒரே கல்லறையின் பொருள்கள் பல கண்டங்களில் சிதறிக் கிடப்பது இதனால்தான். பொருளின் மேல் எழுதிய மை எண்ணோ கட்டிய சீட்டோ ஒன்றுதான் அவற்றைத் திரும்ப இணைக்கும் வழி. அந்தச் சீட்டை அவிழ்த்து எறிந்திருந்தால் இந்தச் சரம் எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

மணிகளும் துளைகளும்

மணிகள் நான்கு வகை. பெரும்பான்மை பச்சை, நீல நிறத் தட்டு மணிகள், அவை ஃபையான்ஸ். அரைத்த குவார்ட்ஸ் தூளோடு சிறிது சுண்ணாம்பும் காரமும் சேர்த்து, செம்பால் நிறமூட்டிச் சுட்டுச் செய்வது. மேல்பூச்சு உடைந்த இடத்தில் உள்ளே சர்க்கரை போன்ற வெள்ளைக் கரு தெரியும். கண்ணாடியில் அப்படித் தெரியாது. அடுத்து சூதுபவளம் (கார்னீலியன் எனும் செந்நிறக் கல்), சிறு உருண்டைகளாகக் கார்னெட் எனும் கருஞ்சிவப்புக் கல், கடைசியாகச் சில ஊதா மணிகள்.

சூதுபவள மணிகளின் துளைகள் அழகான சான்று. இரு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்திருக்கிறார்கள். அதனால் துளை மணற்கடிகாரம் போல நடுவில் குறுகியிருந்தது. சிலவற்றில் இரு துளைகளும் லேசாக விலகி உள்ளே ஒரு படி விழுந்திருந்தது. எகிப்தின் பழைய நகரான தீப்ஸின் கல்லறை ஓவியங்களில், ஒரே வில்லால் பல துளைகோல்களைச் சுழற்றி மணி துளைக்கும் தொழிலாளர்களைக் காணலாம். அந்தக் கையின் வேகமும் சிறு பிசகும் இந்தப் படிகளில் பதிந்திருக்கின்றன.

ஊதா மணிகளைச் செவ்வந்திக்கல் என்று எல்லோரும் நம்பினோம். எகிப்தின் மத்திய அரசுக் காலத்தில் (ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்) செவ்வந்திக்கல் மிகவும் விரும்பப்பட்டது; தென் எகிப்தின் வாதி எல்-ஹூதியில் அதை வெட்டியெடுத்தார்கள். ஆனால் பெரும்பாலான ஊதா மணிகளில் நடுவைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடியது, அச்சில் வார்த்த தடம். துளை நேராக, வழவழப்பாக இருந்தது. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை முனைவாக்கத் தாள்கள்; அவற்றில் இரண்டைக் குறுக்காக வைத்து நடுவே மணிகளைப் பார்த்தோம். செவ்வந்திக்கல்லைத் திருப்பினால் வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரும்; கண்ணாடி இருண்டே இருக்கும். இரண்டு மணிகள் மாறி மாறி ஒளிர்ந்தன, மற்ற அனைத்தும் இருண்டே இருந்தன. (கார்னெட்டும் கண்ணாடியைப் போலவே இருண்டிருக்கும், ஆகவே சிவப்பு மணிகளுக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றில் குமிழ் தேடினோம், வலுவான காந்தத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்தோம். இரும்புச் சத்துள்ள கார்னெட் லேசாக இழுபடும்.)

இப்போது மாணவியின் நீளப்படத்தை எடுத்தோம். ஊதா மணிகள் ஒன்று விடாமல் நைலான் பகுதியில்தான் இருந்தன. பருத்திப் பகுதியில் ஒன்றுகூட இல்லை.

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று. பருத்திப் பகுதியில் மூன்று ஃபையான்ஸ் மணிகள் மண் இறுகி ஒட்டிக் கிடந்தன. பருத்தி நூல் அவற்றின் துளைக்குள் போகவில்லை. பக்கவாட்டில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். துளைக்குள் பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. உருப்பெருக்கிப் பார்த்தால் மூங்கில் கணு போன்ற இடைவெட்டுகள் கொண்ட இழைகள். ஆளி நார்! மொத்தச் சரத்திலும் பழங்கால வரிசை என்று உறுதியாகச் சொல்லத்தக்கது இந்த மூன்று மணிகள் மட்டுமே. அவற்றைக் கோத்தவர் கை வைத்த பிறகு யாரும் அவற்றைப் பிரிக்கவில்லை.

சில ஃபையான்ஸ் மணிகளின் மேல் வெள்ளைப் பூஞ்சை போன்ற படிவு இருந்தது. அதில் ஒரு துணுக்கை எடுத்துச் சில்வர் நைட்ரேட் கரைசலில் விட்டதும் பால் போல வெளுத்தது. உப்பு. மண்ணிலிருந்து உறிஞ்சிய உப்பு, காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது வெளியே வந்து படிகமாகி மேல்பூச்சைத் தள்ளுகிறது.

எடுத்த முடிவுகள்

கழுவும் யோசனையை முதலில் கைவிட்டோம். தண்ணீரில் உப்பு கரையும்போது அதன்மேல் நிற்கும் பூச்சும் உதிரும் ஆபத்து இருந்தது. ஆளி நாரும் மண்ணும் நிச்சயம் போய்விடும். மென்மையான தூரிகையால் தளர்ந்த தூசியை மட்டும் அகற்றினோம். உப்பைத் தடுக்க வேண்டிய இடம் காற்று. ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி ஏறி இறங்காமல் இருக்கும்படி பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைக்க முடிவாயிற்று. பழைய மர இழுப்பறையிலிருந்தும் சரத்தை வெளியேற்றினோம், ஏனென்றால் மரம் விடும் அமில ஆவி இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஆகாது.

உரிமை விஷயத்தையும் அப்போதே பார்த்தோம். பண்பாட்டுப் பொருள்கள் சட்டவிரோதமாகக் கைமாறுவதைத் தடுக்கும் 1970இன் யுனெஸ்கோ உடன்படிக்கையும் எகிப்தின் தொல்பொருள் பாதுகாப்புக்கான 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டமும் இன்று எல்லோரும் நோக்கும் எல்லைக்கோடுகள். நன்கொடைப் பதிவு 1960களைச் சேர்ந்தது, சீட்டு அகழாய்வுப் பங்கீட்டைச் சுட்டியது. அந்த ஆவணங்களை முறைப்படி கோப்பில் சேர்க்காமல் காட்சிக்கு வைப்பதில்லை என்று பொறுப்பாளர் உறுதியாக இருந்தார். அது சரியான நிலைப்பாடு.

நூல் விஷயத்தில்தான் வாதம் நீண்டது. தொகுப்புக்கு ஆலோசனை சொல்லும் வரலாற்றுப் பேராசிரியர், கண்ணாடி மணிகளை எடுத்துவிட்டு மீதியை ஒரே சரமாகக் கோக்க வேண்டும் என்றார். பார்வையாளர் கண்ணாடியைப் பழங்காலத்துடையது என்று நினைத்துவிடுவார் என்பது அவர் கவலை. நியாயமான கவலை. பொறுப்பாளருக்கோ, ஒரு முழுக் கழுத்தணியாகத் தெரிய வேண்டும். என் கருத்து வேறாக இருந்தது. பருத்திச் சரத்தின் வரிசைகூடப் பழங்கால வரிசை என்பதற்கு ஆதாரமில்லை. ஏற்றிச் செல்லும் வசதிக்காக அகழாய்வு முகாமில் கோத்ததாக இருக்கலாம். நைலான் பகுதியோ பின்னால் யாரோ பழுதுபார்த்தது. ஆனாலும் இரண்டுமே நடந்த நிகழ்வுகளின் தடங்கள். அவற்றைக் கலைத்து நாம் ஒரு புது வரிசை உண்டாக்கினால், ஆளி நார், பருத்தி, நைலான் என்ற மூன்றுக்கும் மேல் நான்காவதாக ஒரு கற்பனையைச் சேர்க்கிறோம்.

கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. பருத்திப் பகுதியை மறுபடி கோப்பதில்லை. நூல் பலவீனமானது என்பது அது எடையைச் சுமந்தால்தான் பிரச்சினை. எடையே இல்லாமல் செய்துவிட்டால் அது அப்படியே கிடக்கலாம். நைலான் பகுதியைப் பிரித்தெடுப்பது, ஏனென்றால் அந்த இறுக்கமான இழை ஃபையான்ஸ் துளைகளின் விளிம்பை அறுத்துக்கொண்டிருந்தது. ஆனால் மணிகளின் வரிசையை மாற்றாமல், கண்ணாடியும் உட்பட, வெண்மையூட்டி கலக்காத பாலியெஸ்டர் நூலுக்கு மாற்றுவது. இரண்டு பகுதிகளையும் தனித்தனியே காட்டுவது.

செய்த வேலை

பாலியெத்திலீன் நுரைப் பலகையில் சரத்தின் வளைவுக்கேற்ப ஆழமற்ற வாய்க்கால் செதுக்கி, சாயமோ சலவைப் பொருளோ படாத பருத்தித் துணியால் மூடினோம். தட்டிலிருந்து சரத்தைத் தூக்காமல், அடியில் மெல்லிய அட்டையைச் செருகி நகர்த்தினோம். மூன்று மணிகள் ஒட்டிய பகுதிக்கு மட்டும் ஒரு சிறு பள்ளம் கூடுதலாகச் செதுக்கினோம்.

நைலானை முடிச்சிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டினோம். பருத்தியும் நைலானும் சந்தித்த அந்த முடிச்சு பருத்திப் பகுதியோடு அப்படியே நிற்கிறது. மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிட்ட குழிகளில் இறக்கி, அதே வரிசையில் புது நூலுக்கு ஏற்றினோம். வெட்டிய நைலான் ஓர் உறையில், தேதியோடு. மாணவிதான் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தார். அவருடைய பொறுமைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பின் நடந்தவை

சீட்டின் எண்ணை வைத்து மாணவி அச்சிட்ட அகழாய்வு அறிக்கைகளைத் தேடினார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஓர் அறிக்கையின் கல்லறைப் பட்டியலில் அதே எழுத்தும் எண்ணும் கிடைத்தன. மணி வகைகள் எனக் குறித்திருந்தவை: சூதுபவளம், கார்னெட், பச்சை ஃபையான்ஸ். செவ்வந்திக்கல் என்ற பேச்சே இல்லை. பருத்திப் பகுதியின் வகைகள் அந்தக் குறிப்புடன் சரியாகப் பொருந்தின. எங்கள் படங்களும் எண்ணும் தொகுப்பின் பொதுப் பட்டியலில் ஏறின. அதே கல்லறையின் பானைகள் வேறொரு நாட்டு அருங்காட்சியகத்தில் இருப்பதை அங்கிருந்தவர்களே எழுதித் தெரிவித்தார்கள்.

நன்கொடைக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடமிருந்து பதில் கடிதம் வந்தது. அவருடைய பெரியம்மா 1950களில் அந்த மாலையை விசேஷங்களுக்கு அணிவாராம். ஒரு விருந்தில் அது அறுந்து மணிகள் தரையெங்கும் உருண்டன, சில கிடைக்கவே இல்லை. நீளம் குறைந்துவிட்டதென்று வேறொரு ஊதா மாலையிலிருந்து மணிகளை எடுத்து அவரே கோத்துக்கொண்டார். நைலான், ஒளிர்வு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தில் விளக்கம் கிடைத்தது.

காட்சிக்கு வைத்த சில மாதங்களில் பருத்தி நூல் ஏற்கெனவே நைந்திருந்த இடத்தில் அறுந்தது. வாய்க்காலுக்குள் கிடந்ததால் ஒரு மணிகூட நகரவில்லை. யாரும் தொடாமலே விட்டோம், பதிவேட்டில் மட்டும் குறித்தோம். உப்புப் படிவு புதிதாக வளரவில்லை. பேராசிரியர் பயந்தது போலப் பார்வையாளர் குழம்பவில்லை. பழுதுபார்த்த பகுதிக்கு எழுதிய விளக்கத்தைத்தான் நின்று படிக்கிறார்கள் என்று பொறுப்பாளர் சொன்னார்.

ஆளி நாரைக் கரிமக் காலக்கணிப்புக்குக் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு இழையை எரித்தாக வேண்டும். இருப்பது மிகக் கொஞ்சம். காலத்தைச் சொல்ல அகழாய்வு அறிக்கையே போதும். ஆகவே மறுத்துவிட்டோம்.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

குடும்பத்துக்குக் கடிதம் எழுதுவது வேலையின் முதல் நாளிலேயே நடக்க வேண்டும். பொருளை அணிந்தவர்களையும் பழுதுபார்த்தவர்களையும் நினைவில் வைத்திருப்போர் வயதானவர்கள். அவர்களிடம் கேட்பதை எந்தச் சோதனைக்கும் பின்னால் தள்ளக் கூடாது. புற ஊதா விளக்கைச் சரத்தை இழுப்பறையிலிருந்து எடுக்கும் முன்பே, அங்கேயே பிடித்துப் பார்க்கலாம். எந்த நூல் எங்கே பலவீனம் என்று தெரிந்தால் நகர்த்தும் விதமே மாறும்.

பதிவுப் படிவத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். முன்பு மணியின் பொருள், நிறம், அளவு மூன்றுக்கும்தான் கட்டங்கள் இருந்தன. இப்போது நூலின் வகை, முடிச்சு, துளைக்குள் இருப்பது, துளையின் வடிவம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. அதே தொகுப்பில் கோத்த நிலையிலுள்ள மற்ற சரங்களை இந்தப் படிவத்தை வைத்து மாணவி இப்போது பார்த்துவருகிறார். அவற்றில் ஒன்றிலும் சீட்டு இருக்கிறது, எண்ணை இன்னும் படித்து முடிக்கவில்லை.